முற்றம் காட்சிக்கூடம் அன்று

வியன்னாவுக்குத் தமிழ்ப் பயணிகளை அழைத்து வரும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு வணக்கம்.

கடந்த சனிக்கிழமை காலை தங்களில் ஒருவருடைய பேருந்து, தொழிலாளர்களுக்காக நகராட்சி கட்டிய பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பான கார்ல் மார்க்ஸ் ஹோஃப் வாசலில் நின்றதும், நாற்பது பேர் வளைவு வழியாக உள்முற்றத்துக்குள் வந்ததும், கால் மணி நேரத்தில் திரும்பிப் போனதும் தாங்கள் அறிந்ததே. யாரையும் பெயர் சொல்லிச் சந்திக்கு இழுக்க எனக்கு விருப்பமில்லை. இந்தக் கோடையில் அப்படி வந்தது அந்த ஒரு பேருந்து மட்டுமல்ல. இங்கே பதினோரு ஆண்டுகளாகக் குடியிருப்பவன் என்ற முறையில் ஒரே ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். கூட்டத்தை முற்றத்துக்குள் கொண்டு வராதீர்கள். வெளியே சதுக்கத்தில் நிறுத்தி, கட்டடத்தின் கதையைச் சரியாகச் சொல்லுங்கள்.

எங்கள் படிக்கட்டின் தரைத்தளத்தில் எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தனியாக வசிக்கிறார். அவருடைய சமையலறை ஜன்னல் முற்றத்தைப் பார்த்தது. ஜூலை வெயிலில் அதைத் திறந்து வைத்தால்தான் உள்ளே மூச்சு விட முடியும், ஆனால் திறந்தால் கைப்பேசிகள் நீளுகின்றன. ‘தயவுசெய்து படம் எடுக்காதீர்கள்’ என்று ஜெர்மன் மொழியில் தம் கையால் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார். அந்தத் தாளையும் படம் எடுத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை ஒருவர் கையைக் கண்ணாடியில் வைத்து, உள்ளே மேசையில் இருந்த மாத்திரைப் பெட்டியையும் பாதி தோல் உரித்த உருளைக்கிழங்கையும் எட்டிப் பார்த்திருக்கிறார். அன்று மாலை அந்த அம்மையார் கோபமே இல்லாமல் என்னிடம் கேட்டார்: “உங்கள் ஊர்க்காரர்கள் என் வீட்டில் எதைத் தேடுகிறார்கள்?” எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தேடத்தக்கது இங்கே ஏராளமாக இருக்கிறது. ஆனால் தங்கள் வழிகாட்டி ஒலிபெருக்கியில் சொன்னது, கார்ல் மார்க்ஸ் இந்த வீட்டில் வாழ்ந்தார் என்பது! மார்க்ஸ் மறைந்தது 1883-இல். இந்தக் கட்டடம் திறக்கப்பட்டது 1930 அக்டோபர் 12-இல். வாழ்ந்தவர்கள் தொழிலாளர்கள். அதற்கு முன் அவர்களில் பலர் குடியிருந்த வாடகைக் கட்டடங்களில் தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் நடைக்கூடத்தில் பலருக்குப் பொதுவாக இருந்தன. வீடே இல்லாதவர்கள் பிறர் கட்டிலை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து உறங்கினார்கள். நகராட்சியின் நிதிப் பொறுப்பிலிருந்த ஹூகோ பிரைட்னர், வசதி படைத்தவர்கள்மீது கூடுதலாக விழும்படி 1923-இல் வீட்டு வரியைக் கொண்டுவந்து, அந்தப் பணத்தில் 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழ வழி செய்தார். அவற்றில் 1,382 வீடுகள் இங்கே இருந்தன. கட்டடக் கலைஞர் ஒட்டோ வாக்னரின் மாணவரும் இதை வடிவமைத்தவருமான கார்ல் ஏன் (Karl Ehn), ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமாக நீளும் இந்த மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான நிலத்திலேயே கட்டடம் எழுப்பி, மற்றதை முற்றத்துக்கும் மரங்களுக்கும் விட்டார். வீட்டுக்குள்ளேயே கழிப்பறையும் குழாய்த் தண்ணீரும் வந்தன. குளியலறை மட்டும் இல்லை. அதற்குப் பொதுக் குளியல் கூடங்கள், துணிக்குச் சலவைக்கூடங்கள், பிள்ளைகளுக்கு மழலையர் பள்ளி, ஒரு நூலகம், ஒரு பல் மருத்துவமனை. அதாவது, தாங்கள் மிதித்துப் போகும் புல்வெளி மிச்சம் விழுந்த இடம் அன்று; இந்தக் கட்டடத்தில் வேண்டுமென்றே முதலில் வைக்கப்பட்டது அதுதான் என்பது என் கருத்து.

திறப்பு விழாவில் மேயர் கார்ல் சைட்ஸ், ‘நாம் இல்லாத காலத்தில் இந்தக் கற்கள் நமக்காகப் பேசும்’ என்றார். நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. 1934 பிப்ரவரி 12-இல் தொடங்கிய தொழிலாளர் எழுச்சியை அடக்க அரசுப் படையின் பீரங்கிகள் இந்தச் சுவர்களைச் சுட்டன, மார்க்ஸின் பெயரும் நீக்கப்பட்டது. 1938-இல் நாஜி ஆட்சியில் யூதக் குடித்தனங்கள் வெளியேற்றப்பட்டன. இத்தனையையும் தாண்டிய கற்கள் இப்போது தங்கள் ஒலிபெருக்கியை மீறிப் பேச முடியாமல் நிற்கின்றன.

அதே பயணத்திட்டத்தில் ஷோன்புருன் அரண்மனைக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஒரு குடும்பத்துக்கு 1,441 அறைகள்! அங்கே சீட்டு வாங்கி வரிசையில் நின்று, மறைந்துபோன அரசியின் கட்டிலை அடக்கமாகக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்கிறோம். உயிரோடு இருக்கும் மூதாட்டியின் உருளைக்கிழங்குக்குக் கயிறு கட்ட யாருமில்லை என்பதால் கண்ணாடியில் மூக்கை ஒட்டுகிறோம். அரசர்களிடம் மட்டும் நமக்கு எங்கிருந்துதான் இவ்வளவு மரியாதை வருகிறதோ! மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போகிறேன்.

ஹைலிகன்ஷ்டாட் ரயில் நிலையத்துக்கு எதிரே, ‘பிப்ரவரி 12 சதுக்கம்’ என்று பெயரிட்ட திறந்த வெளி இருக்கிறது. அங்கே நின்றால் கோபுரங்களும், வளைவுகளும், அவற்றின் மேலே ஜோசப் ரீடல் செய்த நான்கு சுடுமண் உருவங்களும் முழுதாகத் தெரியும். முற்றத்தில் நின்றால் அவை தெரியவே தெரியாது. உள்ளே பார்த்தாக வேண்டும் என்பவர்களுக்குப் பழைய சலவைக்கூடம் ஒன்றில் 2010 முதல் அருங்காட்சியகம் நடக்கிறது. பயணிகள்மீது எனக்குக் குறையில்லை. உள்ளே அழைத்து வந்தால் வருகிறார்கள், நிறுத்தினால் நிற்பார்கள்.

எனவே மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: கூட்டத்தை முற்றத்துக்குள் கொண்டு வராதீர்கள். வழிகாட்டிகளுக்குக் கொடுக்கும் குறிப்பில் இந்த ஒரு வரியைச் சேர்த்து, அடுத்த பேருந்து கிளம்புவதற்குள் எங்களுக்குத் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன். அந்த அம்மையாரிடமும் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
கார்ல் மார்க்ஸ் ஹோஃப் குடியிருப்பாளர் ஒருவர்