பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு படிப்பகம்: நன்கொடை வேண்டுகோள்

அன்பார்ந்த ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், வேலூரிலும் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் தாண்டியும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் படிப்பகக் குழுவின் வணக்கம்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஒருநாள் நம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பாருங்கள். டீக்கடைக்கும் பூக்கடைக்கும் நடுவில் இருக்கிற கருங்கல் திண்ணையில் இருபது பிள்ளைகளாவது யூனிஃபார்மோடு உட்கார்ந்திருப்பார்கள். போன கார்த்திகையில் நான் பார்த்த பெண் பத்தாம் வகுப்பு. மடியில் பையை வைத்து, அதன் மேல் அறிவியல் ரெக்கார்டு நோட்டை விரித்து, தண்டின் குறுக்குவெட்டுப் படம் வரைந்துகொண்டிருந்தாள். காம்பஸ் இல்லை. கையிலிருந்த வளையலைக் கழற்றித் தாளில் வைத்து, அதைச் சுற்றிப் பென்சிலை ஓட்டி வட்டம் போட்டாள். இருட்டத் தொடங்கியதும் பூக்கார அம்மா தன் பல்பு ஒயரை இழுத்து, அவள் பக்கமாகக் கம்பியில் மாட்டிவிட்டார்.

"ஏம்மா, வீட்டுக்குப் போய் வரையக் கூடாதா?" என்று கேட்டேன்.

"வீட்டுக்குப் போறதுக்கு எட்டரை ஆயிடும் சார். சாப்பிட்டா தூக்கம் வந்துடும்."

விஷயம் இதுதான். பள்ளி விட்டதும் மலையடிவாரத்துக்குப் போகும் பஸ் 4:45க்கு. பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ் முடியவே 5:20 ஆகிவிடும். அடுத்த பஸ் 7:40. நடுவில் இரண்டு மணி இருபது நிமிடம். ஆறு மணிக்கு ஒரு பஸ் விடச் சொல்லி மூன்று முறை மனு கொடுத்தோம், இன்னும் கொடுப்போம். ஆனால் பஸ் வரும்வரை இந்தப் பிள்ளைகள் திண்ணையிலேயே வளர முடியாது. ஐப்பசி மழையில் கடைத் தகரத்துக்குக் கீழே நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். அங்கே பெண் பிள்ளைகள் போகும்படியான கழிவறை இல்லை. அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் தண்ணீரே குடிப்பதில்லை என்று ஒரு மாணவி நம் குழுவில் இருக்கும் அம்மாவிடம் சொன்னாள். பாட்டிலில் தண்ணீர் அப்படியே இருந்தது.

நம் ஊர் வசதியான ஊர். அதைச் சொல்லிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த வசதி எங்கிருந்து வந்தது? பாலாற்றை நம்பியிருந்தால் மணலைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்போம். கிணறும் தென்னையும் சோறு போட்டன, மாடி கட்டித் தரவில்லை. மாடி கட்டித் தந்தது பள்ளிக்கூடம். ஐடா ஸ்கடர் 1900ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சிஎம்சி மருத்துவமனை. 1909ல் அங்கே செவிலியர் பயிற்சி ஆரம்பமானது. நம் தெருக்களில் ஓட்டை எடுத்துவிட்டு முதலில் தளம் போட்ட வீடுகளில் பாதி, நர்ஸ் வேலைக்குப் போன அக்காக்களின் சம்பளத்தில் எழுந்தவை. அதற்கடுத்து ராணுவம், ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலை, ஆம்பூர் ஷூ கம்பெனி, வாத்தியார் வேலை, இப்போது ஐடி. எல்லாவற்றுக்கும் முதல் படி இங்கே பத்தாவது பாஸ் செய்ததுதான்.

நான் 31 வருடம் கணக்குப் பாடம் எடுத்தவன். என் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் எப்போதும் பஸ்ஸில் வந்த பிள்ளைகள்தான். பள்ளி முகப்புக் கல்லில் இன்னும் வட ஆற்காடு ஜில்லா என்றே இருக்கிறது. 1989ல் வட ஆற்காடு இரண்டாகி, 2019ல் வேலூர் மாவட்டம் மூன்றாகிவிட்டது. எத்தனை பிரித்தாலும் ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்து பிள்ளைகள் நம் ஊருக்குப் படிக்க வருவது நிற்கவில்லை. ரிசல்ட் வந்ததும் கடைத்தெருவில் பேனர் கட்டுகிறோமே, அந்தப் படங்களில் எத்தனை முகம் நம் ஊர், எத்தனை முகம் பஸ்ஸில் வந்தது என்று அடுத்த முறை எண்ணிப் பாருங்கள்.

கையில் கொஞ்சம் காசு இருப்பவர்கள் படிப்புக்காக இங்கேயே குடிவந்துவிடுகிறார்கள். அப்பா ஊரில் மாட்டையும் நிலத்தையும் பார்த்துக்கொள்வார், அம்மாவும் பிள்ளைகளும் இங்கே ஒற்றை அறையில். சனிக்கிழமை அவர் வரும்போது வீட்டுக்கார அம்மாவுக்கு என்று ஒரு பை முள்ளு கத்தரிக்காய் தனியாக வரும். (2023ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே கத்தரிக்காய்.) அப்படி வந்தவர்களால்தான் நம் வாடகை ஏறியது, மனை விலை ஏறியது. "பள்ளிக்கு மிக அருகில்" என்று போர்டு வைத்துத்தான் இன்று சென்ட் கணக்கில் விற்கிறோம். ஜெராக்ஸ் கடை, டியூஷன், டிபன் கடை எல்லாம் அந்தப் பிள்ளைகளை நம்பித்தான் நடக்கின்றன. அந்த ஒற்றை அறைக்கும் வாடகை கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைதான் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

போன வருடம் ஒரு பெண்ணைப் பத்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். கணக்கில் 91 மார்க் எடுத்தவள். நானும் இன்னொரு ஆசிரியையும் அவள் வீட்டுக்கே போனோம். அவள் அப்பா கெட்டவர் இல்லை. எங்களுக்கு மோர் கொடுத்து உட்கார வைத்துவிட்டுச் சொன்னார்: "பஸ்சு லேட்டுன்றது கூட பரவால்ல சார். அந்த ரெண்டு மணி நேரம் பொண்ணு எங்க இருக்குது, யார் பாத்துக்கறாங்கன்னு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?" எங்களிடமும் பதில் இல்லை. அன்று திரும்பி வரும் வழியில் பேசியதுதான் இந்தப் படிப்பகம்.

"கிளை நூலகம் இருக்கிறதே, அப்புறம் எதற்கு?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948ல் நம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு இன்றைக்கும் நூலக வரியாகப் போகிறது. நூலகரும் நமக்கு முழு ஒத்துழைப்பு தருகிறார். ஆனால் அங்கே இருப்பது ஒரே அறை. பேப்பர் படிக்க வரும் பெரியவர்களுக்கே நாற்காலி போதவில்லை. பிள்ளைகள் நாற்பது பேர் உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்கவும், ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லிக்கொடுக்கவும் வேறு இடம் வேண்டும்.

இடம் கிடைத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பழைய தண்ணீர்த் தொட்டி இருந்த பேரூராட்சி இடம். அதில் 40 அடிக்கு 30 அடியில் ஒரு ஹால், பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனிக் கழிவறை, குடிநீர், சாலையைப் பார்த்தபடி பெரிய ஜன்னல்கள். ஜன்னலை மட்டும் குறைக்கவே கூடாது என்று பெண்கள் எல்லோரும் சொன்னார்கள். உள்ளே இருப்பவர்களை ரோட்டிலிருந்து பார்க்க முடிய வேண்டும், பஸ் வருவதும் உள்ளிருந்தே தெரிய வேண்டும். மேஜை, பெஞ்ச் உட்பட மதிப்பீடு 30 லட்சம் ரூபாய்.

முப்பது லட்சமும் நாம் போட வேண்டியதில்லை. நமக்கு நாமே திட்டத்தில், மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். அதாவது நம் பங்கு 10 லட்சம். நீங்கள் 1,000 ரூபாய் கொடுத்தால் அது 3,000 ரூபாய்க்கான கட்டடமாகிறது. இதுவரை சேர்ந்தது 3,42,500 ரூபாய். இன்னும் 6,57,500 வேண்டும். முதல் ரசீது பூக்கார அம்மா பெயரில் இருக்கிறது, 501 ரூபாய். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. கட்டடம் பேரூராட்சியின் சொத்தாகவே இருக்கும், குழு அதைப் பராமரிக்கும். ஏதோ காரணத்தால் அனுமதி வராமல் போனால் ரசீதைக் காட்டி முழுப் பணத்தையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

கட்டடத்தைவிட எங்களுக்குக் கவலை தருவது மாதச் செலவு. திறப்பு விழா நடத்திப் பூட்டிக் கிடக்கும் கட்டடங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தினமும் மாலை 4 முதல் 8 வரை பொறுப்பாக இருக்க ஒரு பெண் பணியாளர் வேண்டும். சம்பளம் 9,000. துப்புரவுக்கு 2,500, கரண்ட் பில், செய்தித்தாள் இவற்றுக்கு 2,500. ஆக மாதம் 14,000 ரூபாய். மாதம் 500 வீதம் 28 வீடுகள் ஏற்றுக்கொண்டால் போதும். 11 வீடுகள் சம்மதித்துவிட்டன. இன்னும் 17. மொத்தமாகக் கொடுக்க முடியாதவர்கள் இதை யோசியுங்கள். எங்களுக்கு இதுதான் பெரிய உதவி.

பணியாளரிடம் ஒரு நோட்டு இருக்கும். வரும் பிள்ளை பெயர், ஊர், வந்த நேரம், பஸ் ஏறிய நேரம் எல்லாம் அதில் பதிவாகும். பெற்றோர் போன் செய்து கேட்டால் பதில் சொல்ல ஒருவர் இருப்பார்.

இது எந்த ஒரு பள்ளிக்கும் சொந்தமில்லை. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, மெட்ரிக் எல்லாப் பிள்ளைகளும் வரலாம். எந்தப் பள்ளியின் பேனரும் உள்ளே மாட்டப்படாது. நம் குழுவில் கோயில் தரப்பிலும் ஜமாத்திலும் சர்ச்சிலும் இருந்து ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் அங்கே கூட்டமோ பிரார்த்தனையோ கிடையாது. நன்கொடையாளர் பெயர்கள் கல்வெட்டில் அகர வரிசையில், ஒரே அளவு எழுத்தில் இருக்கும். 500 கொடுத்தவருக்கும் 50,000 கொடுத்தவருக்கும் அதே எழுத்துதான். இதில் சிலருக்கு வருத்தம் என்று தெரியும். குழு உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு, மாற்றுவதாக இல்லை.

புத்தகம் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2018லும் 2019லும் பாடத்திட்டம் முழுவதும் மாறிவிட்டது. அதற்கு முந்தைய பாடநூல், கைடு எதுவும் பிள்ளைகளுக்கு உதவாது. அதைத் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடுங்கள். நல்ல நிலையில் இருக்கும் அகராதி, அட்லஸ், கதைப் புத்தகம், போட்டித் தேர்வுப் புத்தகம் கொடுங்கள். ஜியாமெட்ரி பாக்ஸ் கொடுத்தால் மிகவும் சந்தோஷம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடம் பணம் வாங்க எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு தேவை, அது நம் குழுவுக்கு இல்லை. ஆகவே இப்போதைக்கு வாங்க முடியாது, மன்னிக்கவும். ஊருக்கு வரும்போது ஒரு சாயங்காலம் வந்து பிள்ளைகளோடு உட்காருங்கள். இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுங்கள். எப்படிப் படித்து எங்கே போனீர்கள் என்று சொல்லுங்கள். திண்ணையில் இருக்கிற பல பிள்ளைகளுக்கு அவர்கள் வீட்டில் அதைச் சொல்ல ஆள் கிடையாது.

நன்கொடையை பேரூராட்சி அலுவலகத்துக்கு எதிரில் உள்ள குழு அறையில், ஞாயிற்றுக்கிழமை காலை 9 முதல் 12 வரை கொடுக்கலாம். வங்கிக் கணக்கு விவரம் அங்கேயுள்ள அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. வரவு செலவு ஒவ்வொரு மாதமும் அதே பலகையில் ஒட்டப்படும். வீடு தேடி வந்து யாராவது கேட்டால், எண் போட்ட ரசீது புத்தகமும் அதில் மூன்று பேர் கையெழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கொடுக்க வேண்டாம், எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

தை பிறந்ததும் நம் பங்கைக் கட்டிவிட நினைக்கிறோம். அப்படியானால் ஜூனில் பள்ளி திறக்கும்போது வேலை தொடங்கியிருக்கும். அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் மறுபடி போய்வரலாம் என்று இருக்கிறோம். பதினொன்றாம் வகுப்பில் சேர அவளுக்கு இன்னும் வயது இருக்கிறது.

இப்படிக்கு,
படிப்பகக் குழுவினர்