வசந்தாவுக்கு, ஓட்டை விழுந்த புத்தகத்தோடு

அன்புள்ள வசந்தா,

மருமகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள் என்று எழுதியிருந்தாய். பேத்தி உன் பொறுப்பு என்றால் இனி ஊசியை எங்கே தொடப் போகிறாய்! எனக்கு மூட்டுவலி. உட்கார்ந்த இடத்தில் படிப்புதான்.

சரி, நீ கேட்ட விஷயம். உன் எம்பிராய்டரி டிசைன் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் ரோஜாக்கொத்துப் பக்கம் சல்லடையாகிவிட்டது. ட்ரேசிங் பேப்பர் தீர்ந்துபோன ஒரு நாள், அந்தப் பக்கத்தையே துணிமேல் வைத்து ஊசியால் குத்திவிட்டேன்.

திட்டுவதற்கு முன் இதைக் கேள். ஐந்நூறு வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்கில் 1520களில் ஷோன்ஸ்பெர்கர் என்பவர் அச்சிட்டதைத்தான் முதல் டிசைன் புத்தகம் என்கிறார்கள். அப்புறம் கொலோன், வெனிஸ், பாரிஸ் என்று பரவியது. மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த பக்கத்தைக் கோடு பிசகாமல் ஊசியால் குத்தி, துணிமேல் விரிப்பார்கள். கரித்தூளைச் சின்னத் துணியில் முடிந்து அதன்மேல் தட்டினால், தூள் ஓட்டை வழியாக இறங்கும். காகிதத்தை எடுத்தால் புள்ளி புள்ளியாக இலையும் கொடியும். கை பட்டால் கலைந்துவிடும், உடனே மையால் கோடு இழுத்துவிட வேண்டும். நாலு தடவை இப்படிச் செய்தால் பக்கம் கந்தல். அதனால்தான் அந்தப் புத்தகங்கள் இன்று அவ்வளவு அரிது. மியூசியத்தில் பளிச்சென்று இருக்கிற பிரதி, யாரும் தைக்காமல் அலமாரியில் பூட்டி வைத்ததாகத்தான் இருக்கும் என்பது என் கணக்கு.

1591இல் வெனிசில் செசாரே வெச்செல்லியோ போட்ட லேஸ் புத்தகத்தின் பெயர் 'உயர்குடி, நற்குணப் பெண்களின் கிரீடம்'. ஐஸ் வைத்து விற்கிற வித்தை அப்போதே தெரிந்திருக்கிறது! எனக்குப் பிடித்தது 1561இல் ஜூரிச்சில் வந்த புத்தகம். எழுதியவள் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த ஒரு டீச்சர். 1536இல் வியாபாரிகள் வெனிசிலிருந்து அந்த வேலையைக் கொண்டுவந்த கதையெல்லாம் சொல்கிறாள், தன் பெயரை மட்டும் 'ஆர்.எம்.' என்று இரண்டே எழுத்தில் முடித்துக்கொள்கிறாள். வெச்செல்லியோ முழுப்பெயர் போட்டுக்கொண்டாரே, இவளுக்கு என்ன வந்தது?

புத்தகத்தை நாளை கூரியரில் போடுகிறேன். ரோஜாவின் பின்பக்கத்தில் ஒரு மயில் இருந்ததல்லவா, அதுவும் சேர்ந்து ஓட்டையாகிவிட்டது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
லலிதா