அந்த ஃபைல் கெட்டுப்போகலங்க: தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கண்காட்சிக்குப் படம் தேர்வு பண்ற குழுக்கள்ல இருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

போன தடவை நான் அனுப்பின படத்துக்கு ஒரு குழுகிட்டேர்ந்து பதில் வந்துச்சு, "ஃபைல் கெட்டுப்போயிருக்கு, சரியானதை அனுப்புங்க"ன்னு. படிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். அந்தக் கெட்டுப்போனதுதாங்க படமே. கிளிட்ச் ஆர்ட்னு சொல்வாங்க, கம்ப்யூட்டர் தப்பு பண்ற இடத்தையே எடுத்து படமாக்குறது.

அது எங்க அம்மா போட்டோ. ஜேபெக் ஃபைலை டெக்ஸ்ட் எடிட்டர்ல திறந்தா முகம் தெரியாது, புரியாத எழுத்தா கொட்டிக் கிடக்கும், நடுவுல நாலு எழுத்தை அழிச்சு சேவ் பண்ணி மறுபடி படமா திறந்தேன், கண்ணு வரைக்கும் அம்மாதான், அதுக்குக் கீழ வாய், கழுத்து எல்லாம் ஒரு பக்கமா நகர்ந்து பச்சையும் ஊதாவுமா ஆயிடுச்சு. ஏன்னா ஜேபெக், படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டமா வெட்டும், ஒவ்வொரு கட்டத்தோட வெளிச்சத்தையும் முந்தின கட்டத்துலேர்ந்து எவ்வளவு வித்தியாசம்னுதான் எழுதி வைக்கும், ஒரு இடத்துல தப்பினா அது இழுத்துக்கிட்டே கீழ வரைக்கும் போகும். அம்மாவுக்கு மறதி வந்ததும் இப்படித்தான், முதல்ல ஒரு பேரு விட்டுப்போச்சு, அப்புறம் அதைத் தொட்டு இருந்ததெல்லாம் நகர ஆரம்பிச்சுது. இதை பிரஷ்ல என்னால சொல்ல முடியல. எந்தெந்த எழுத்தை அழிக்கிறதுன்னு ராத்திரி ராத்திரியா உக்காந்து பாத்துதான் அந்த நாலையும் எடுத்தேன்.

1874-ல பாரிஸ்ல மோனேங்கிற ஓவியரோட சூரிய உதயப் படத்தைப் பாத்து லூயி லெருவான்னு ஒரு விமர்சகர், அரைகுறையா அச்சடிச்ச சுவர்க் காகிதம்கூட இதைவிட முழுசா இருக்கும்னு எழுதினார். அவர் குறைன்னு பாத்த அந்த பிரஷ் தடம்தான் மோனேவோட பாணியே. உங்க கடிதத்துலயும் அதே பார்வைதான் தெரியுது.

ஃபில்டரை ஒரு தட்டு தட்டி அனுப்புறவங்களும் இருக்காங்க, அதையெல்லாம் தாராளமா தள்ளுங்க, நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனா எது என்னன்னு தெரிஞ்சு தள்ளுங்க. விண்ணப்பத்துல எப்படி செஞ்சோம்னு எழுத நாலு வரி இடம் விடுங்க, இந்த வேலை தெரிஞ்ச ஒருத்தரையாவது குழுவில சேருங்க, பேப்பர்ல பிரிண்ட் போட்டுப் பாக்காம ஸ்கிரீன்லயே பாருங்க.

அதே ஃபைலை இந்தத் தடவையும் அனுப்புறேன். ஒரு எழுத்துகூட மாத்தல.