பூஜ்யத்தில் தொடங்கும் வரிசை

அன்பு மகளுக்கு,

நூறு மாணவர்களின் மதிப்பெண்களுக்கு மார்க்1, மார்க்2 என்று நூறு வேரியபிள் (ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெயர்) உன் நிரலில் எழுதிக்கொண்டிருக்கிறாயாமே. வேண்டாம்மா. அவற்றைக் கூட்டவே நூறு பெயர்களையும் வரிசையாக அடிக்க வேண்டும். இன்னொரு மாணவர் சேர்ந்தால் நிரலையே திருத்த வேண்டும். அரே என்பது இதற்காகவே இருக்கிறது. பெயர் ஒன்று, உள்ளே மதிப்புகள் நூறு. எது வேண்டுமோ அதன் இன்டெக்ஸை, அதாவது இடத்தைக் குறிக்கும் எண்ணை, அடைப்புக்குறிக்குள் கொடுத்தால் போதும். அங்கே எண்ணுக்குப் பதில் ஒரு வேரியபிளையும் வைக்கலாம். லூப், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை, அந்த வேரியபிளை ஒவ்வொன்றாக உயர்த்திக்கொண்டே போக, இரண்டு மூன்று வரியில் வேலை முடிந்துவிடும்.

சரி, முதல் மதிப்பு ஏன் மார்க்[0]? இதை மனப்பாடம் செய்யாதே, புரிந்துகொள். இன்டெக்ஸ் என்பது எத்தனையாவது என்பதல்ல. தொடக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்பது. சி மொழியில் அரேயின் மதிப்புகள் மெமரியில் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து இருக்கும். ஒரு முழு எண்ணுக்கு 4 பைட் (மெமரியை அளக்கும் அலகு), அரே 1000-ஆவது முகவரியில் தொடங்குகிறது என்று வை. முதல் எண் 1000-லேயே இருக்கிறது, தள்ளிப்போக வேண்டியதே இல்லை, அதனால் 0. மார்க்[3] எங்கே? 1000 + 3 × 4 = 1012. ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், அவ்வளவுதான். ஐந்தாவதைக் கேட்டாலும் ஐம்பதாயிரமாவதைக் கேட்டாலும் கணக்கு இதேதான். எனக்கு இன்றும் இது அழகாகத் தெரிகிறது.

நடுவில் ஒன்றைச் செருகுவது மட்டும் சுலபமில்லை. பின்னால் இருப்பவை எல்லாம் ஓரிடம் நகர வேண்டும்.

நூறு மதிப்பு இருந்தால் கடைசி இன்டெக்ஸ் 99. லூப் நிபந்தனையில் '100-ஐவிடச் சிறியது' என்று எழுது. 'சிறியது அல்லது சமம்' என்று எழுதினால் இல்லாத இடத்தைத் தொடுவாய். பைத்தானும் ஜாவாவும் உடனே எரர் காட்டி நிறுத்திவிடும். சி அப்படித் தடுக்காது. பக்கத்தில் இருக்கும் வேறு எதையோ படிக்கும், சில சமயம் அழித்தும் எழுதும். 1988-ல் இன்டர்நெட்டில் தானாகவே பரவிய மோரிஸ் வோர்ம் என்ற நிரல் கணினிகளுக்குள் நுழைந்த வழிகளில் ஒன்று இதுதான்: 512 பைட் அரேக்குள் அதைவிட நீளமான தகவலைத் திணித்தது. எல்லையைப் பார்ப்பது வீண் வேலை என்று யாராவது சொன்னால் கேட்காதே.

லுவா, மேட்லேப் போன்ற மொழிகளில் இன்டெக்ஸ் 1-ல் தொடங்கும். மொழி மாறும்போது முதலில் அதைப் பார்த்துக்கொள்.

அப்புறம் ஒரு பயிற்சி. அரேயில் மிகப் பெரிய எண்ணை நீயே லூப் எழுதிக் கண்டுபிடி, தயார் ஃபங்ஷன் வேண்டாம். எல்லாமே மைனஸ் எண்ணாக இருக்கும் ஒரு அரேயையும் கொடுத்துப் பார். விடை 0 என்று வந்தால், 'இதுவரை பெரியது' என்பதை எதிலிருந்து தொடங்கினாய் என்று யோசி. முடித்ததும் நிரலை எனக்கு அனுப்பு, சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
அம்மா