கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். லீவு விட்டால் தோட்டங்களிலிருந்து வேன் பிடித்துத் திருகோணமலைக்குப் போவது இப்போது எங்கள் பக்கம் வழக்கமாகிவிட்டது. அங்கே மட்டி, நண்டு, மீன் என்று ஆசையாக வாங்கிச் சமைக்கிறோம். யாருக்காவது வயிற்றோட்டம் வந்தால், "சரியா வேகல்ல" என்று சமைத்தவர் மேல் பழி போட்டுவிட்டு விடுகிறோம். பத்திரிகைகளின் சுகாதாரக் குறிப்புகளும் பெரும்பாலும் 'நன்றாகக் கொதிக்க வையுங்கள்' என்பதோடு நின்றுவிடுகின்றன. கிருமிக்கு அது சரி. கடல் நச்சுக்குப் போதாது.

ஒகடாயிக் அமிலம் என்று ஒரு நச்சு. டைனோபைசிஸ் என்ற நுண்பாசி அதை உண்டாக்குகிறது. கடல்நீரை வடிகட்டித் தின்னும் மட்டியின் உடலில் அது சேர்ந்துகொண்டே போகும். மட்டியின் நிறமோ மணமோ ருசியோ மாறாது. எவ்வளவு வேகவைத்தாலும் நச்சு அழியாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வயிற்றோட்டமும் வாந்தியும் தொடங்கும்.

குடலில் அது செய்யும் வேலையை ஆய்வுகூடத்தில் பார்த்திருக்கிறார்கள். காக்கோ-2 எனப்படும் கலங்கள் மனிதப் பெருங்குடல் புற்றுக்கட்டி ஒன்றிலிருந்து வந்தவை. நுண்துளைகள் உள்ள மென்சவ்வின் மேல் சுமார் 21 நாள் வளர்த்தால், சிறுகுடற் சுவரைப் போல நுண்சடைமுளைகளோடு (விரல் போன்ற மிக நுண்ணிய நீட்டங்களோடு) நெருக்கமாக ஒட்டிக்கொண்டு ஒரே படையாக நிற்கும். படைக்குக் குறுக்கே மின்தடையை அளப்பார்கள். ஒகடாயிக் அமிலம் பட்டால் அந்தத் தடை இறங்கும், அதாவது கலங்களுக்கு இடையிலான இணைப்பு விட்டுப்போகிறது. புரதங்களிலிருந்து பொசுபேற்றை நீக்கும் நொதியங்களை இந்த நச்சு முடக்குவதால் கலத்தின் உள் ஒழுங்கே குலைகிறது. தட்டில் வளரும் கலத்துக்குச் சளிப்படலமும் நரம்பும் குடற் பற்றீரியாவும் இல்லை என்பதை என் மாணவர்களுக்கும் சொல்வேன். ஆனாலும் சுவர் எங்கே கசிகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்ட வேறு எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

ஐரோப்பாவில் ஒரு கிலோ மட்டி இறைச்சியில் இவ்வகை நச்சு 160 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் விற்க முடியாது.

மலைக்கு லொறியில் ஏறிவரும் சூரை மீன் வேறு கதை. வழியில் ஐஸ் குறைந்து மீன் சூடானால் பற்றீரியாக்கள் அதில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற அறிகுறிகளைத் தரும் பொருளை உண்டாக்கும். அதுவும் சமைத்தால் போகாது. ஹிஸ்டமினை உடைக்கும் நொதியம் நம் குடலில் இருக்கிறது. ஆனால் கெட்ட மீனில் உள்ள, ஹிஸ்டமினைப் போன்ற வேறு சில பொருட்கள் (அமைன்கள்) அந்த நொதியத்தைத் தடுத்துவிடும். முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரித்தால் "மீன் ஒத்துக்கல்ல" என்று சொல்லி, அந்தப் பிள்ளைக்கு ஆயுளுக்கும் மீனை நிறுத்திவிடுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுக்காது.

ஆகவே அடுத்த விடுமுறைக்கு முன் உங்கள் சுகாதாரப் பக்கத்தில் இதைத் தெளிவாக எழுதுங்கள். ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்ட பலருக்கு ஒன்றாக இப்படி நோய் வந்தால், என்ன மீன், எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்பதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும் என்றும், மிச்சத்தைக் கொட்டாமல் எடுத்து வைக்க வேண்டும் என்றும் போடுங்கள். சந்தைக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் மீனின் செவுளைப் பார்ப்பதோடு பெட்டியில் எவ்வளவு ஐஸ் இருக்கிறது என்பதையும் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை,
ஹட்டன்