டோர்ன் மாளிகைக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

நெதர்லாந்தின் உட்ரெக்டிலிருந்து டோர்ன் இருபது கிலோமீட்டர்தான். நீ பார்க்கப்போகும் மாளிகை, ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் முடி இழந்த பிறகு வாழ்ந்த வீடு. போகும் முன் இதைப் படித்துவிடு.

கில்லாடியான ஆளை 'எம்டன்' என்கிறோமே, 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய அந்தக் கப்பல், ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் கடற்படையைச் சேர்ந்தது. நான்கே வருடம். 1918 நவம்பர் 9 அன்று, அவர் சம்மதிக்கும் முன்பே, அவர் முடி துறந்ததாக பெர்லினில் அறிவித்துவிட்டார்கள். மறுநாள் விடியலில் அவர் நெதர்லாந்தின் எய்ஸ்டன் எல்லையில் வந்து நின்றார். அமெரோங்கன் கோட்டைப் பிரபு மூன்று நாள் தங்கச் சம்மதித்தார். ஆனால் அது ஒன்றரை வருடமாக நீண்டது. முடிதுறப்புப் பத்திரத்தில் அவர் கையெழுத்திட்டதும் அங்கேதான், நவம்பர் 28-இல்.

முதல் உலகப் போரை முடித்த வெர்சாய் ஒப்பந்தத்தின் 227-வது பிரிவு அவரை விசாரணைக்கு இழுத்தது. டச்சு அரசு ஒப்படைக்க மறுத்தது. அந்த மறுப்புதான் அவர் உயிரைக் காத்தது என்பேன். ஆனால் குறிப்பிட்ட வட்டாரத்தைத் தாண்ட அவருக்கு அனுமதி வேண்டியிருந்தது.

டோர்ன் மாளிகையை வாங்கி 1920 மே மாதம் குடியேறினார். பெர்லின், போட்ஸ்டாம் அரண்மனைச் சாமான்கள் 59 ரயில் பெட்டிகளில் வந்தன. அறைகள் திணறுவதற்குக் காரணம் இதுதான். பேரரசுக்குச் சேர்த்த பொருள் ஒரு கிராமத்து வீட்டுக்குள் அடங்குமா?

மேஜை முன்னால் இருக்கும் இருக்கையைக் கவனி. நாற்காலி இல்லை, குதிரைச் சேணம். அதன்மேல் ஏறி உட்கார்ந்துதான் எழுதுவார். சாப்பாட்டு முள்கரண்டியையும் விட்டுவிடாதே. அதன் ஒரு விளிம்பு கத்தி போலக் கூராக இருக்கும். பிரசவத்தின்போது நரம்பு பாதிக்கப்பட்டு அவருடைய இடது கை வளரவில்லை, வலது கையைவிடக் குட்டை. கறியை ஒரு கையாலேயே குத்தவும் வெட்டவும் வேண்டியிருந்தது. படங்களில் அந்தக் கை எப்போதும் மறைந்திருப்பதும் அதனால்தான். அதே கையோடு தினமும் மரம் அறுத்தார். விறகு ஊர் ஏழைகளுக்குப் போகும். வெட்டிய மரத்துண்டில் கையெழுத்திட்டு விருந்தினருக்குப் பரிசாகவும் கொடுப்பார்.

1921 ஏப்ரலில் மனைவி அகஸ்தா விக்டோரியா காலமானார். உடல் போட்ஸ்டாமுக்கு ரயிலில் போனது. கணவர் ஜெர்மன் மண்ணில் கால் வைக்க முடியாது, எனவே அடக்கத்துக்குப் போகவில்லை. இதை நினைத்தால் மனம் கனக்கிறது. அடுத்த வருடமே ஹெர்மினாவை மணந்தார்.

திரும்ப அழைப்பார்கள் என்று கடைசிவரை நம்பினார். 1940-இல் பாரிஸ் வீழ்ந்ததும் ஹிட்லருக்கு வாழ்த்துத் தந்தி அனுப்பினார். இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. 1941 ஜூன் 4-இல் அங்கேயே இறந்தார். தன் அடக்கத்தில் நாஜிகளின் ஸ்வஸ்திகா கூடாது என்று எழுதி வைத்திருந்தும் அந்தச் சின்னம் அங்கே தலைகாட்டியது.

தோட்டத்தில் உள்ள கல்லறை மண்டபத்துக்கும் போய் வா. மன்னராட்சி திரும்பும்வரை தன் உடலை ஜெர்மனிக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லியிருந்தார். அதனால் சவப்பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா