படத்தைப் பார் என்றால் எதைப் பார்ப்பது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் வந்து சேர்ந்தது. இரண்டு நாளாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு எப்படிச் சேருகிறது என்பதில் பாதி எனக்குப் புரியவில்லை, அதை நீயும் உன் கைடும் பார்த்துக்கொள்ளுங்கள். இருபத்தாறு வருஷம் வெளிநாட்டு ஜர்னல்களுக்குச் சென்னையில் உட்கார்ந்து காப்பி எடிட்டிங் செய்தவன் கண்ணில் எது படுமோ அதை மட்டும் எழுதுகிறேன். படமும் அட்டவணையும் வருகிற இடங்களில் உன் ஆங்கிலம் தடுமாறுகிறது. மற்ற இடமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, அதனால்தான் இது இன்னும் துருத்திக்கொண்டு தெரிகிறது.

முதலில் ஒரு மெஷின் சமாசாரம். மூன்று இடத்தில் தடித்த எழுத்தில் 'எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்' என்று நிற்கிறது. வேர்டில் படத்தின் எண்ணை க்ராஸ் ரெஃபரன்ஸாகப் போட்டுவிட்டு, அப்புறம் அந்தப் படத்தின் தலைப்பை அழித்திருக்கிறாய். ஃபீல்டு, அதாவது வேர்டு தானாகப் போடும் அந்த எண், அப்டேட் ஆகிற வரை இந்தப் பூதம் வெளியே வராது, சரியாக மற்றவர் கைக்குப் போகும்போது கிளம்பும். அனுப்புவதற்கு முன் கன்ட்ரோல் ஏ, எஃப் 9 அடித்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடு.

அடுத்தது 'ஆஸ் இட் கேன் பி சீன் இன் ஃபிகர் 3.2'. எண்ணிப் பார்த்தேன், பதினோரு இடம். அந்த 'இட்' கூடாது. 'ஆஸ் கேன் பி சீன்' என்றாலே போதும், ஏனென்றால் அந்த வாக்கியத்தில் 'ஆஸ்' என்ற சொல்லே எழுவாயின் வேலையையும் பார்த்துவிடுகிறது, இன்னொரு ஆளுக்கு அங்கே இடமில்லை. நீ 'இட்' போட்டதும் 'ஆஸ்' வேறு பொருளுக்குத் தாவி 'என்பதால்' என்று ஒலிக்க ஆரம்பிக்கிறது. 'படம் 3.2-ல் பார்க்க முடிவதால், ஃப்ளோரைடு கூடியது' என்று எழுதினால் சிரிப்பாயா மாட்டாயா? ஆங்கிலக்காரன் காதில் கிட்டத்தட்ட அப்படித்தான் விழும். நம்மவர்கள் மட்டும் செய்கிற தப்பு என்று நினைக்காதே, சீனாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த கட்டுரைகளில் இதே 'இட்'டை நான் வெட்டி வெட்டி விரல் தேய்ந்திருக்கிறேன்.

'கைண்ட்லி ரெஃபர் டேபிள் 3.1' என்பதுதான் அசல் நம் ஊர்ச் சரக்கு. உன் தாத்தா தாலுகா ஆபீஸில் எழுதிய கடிதங்களில் 'பொருள்' என்று ஒரு வரி இருக்கும், அதற்குக் கீழே 'பார்வை' என்று ஒரு வரி, அங்கே பழைய கடிதங்களின் எண்ணும் தேதியும். பிறகு உள்ளே 'பார்வை 2-ல் காணும் கடிதத்தின்படி' என்று ஓடும். ஆங்கிலமானால் 'வைடு'. எனக்கு அந்த முறை பிடிக்கும், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் குழப்பமே வராது. ஆனால் அந்த ஆபீஸ் ஆங்கிலத்தில் 'ரெஃபர்' என்பதற்குப் பின்னால் வரவேண்டிய 'டு' எங்கேயோ உதிர்ந்துவிட்டது, நம் பாடப் புத்தகங்களும் 'ரெஃபர் ஃபிக். 4.1' என்று போட்டுப் போட்டு அதையே பழக்கிவிட்டன. 'ரெஃபர் டு' என்று எழுது. அதைவிட 'பார்' என்கிற வெறும் 'சீ' போதும். 'கைண்ட்லி' வேண்டவே வேண்டாம், அட்டவணையைப் பார்ப்பதற்கு யாரும் யாருக்கும் தயவு காட்டத் தேவையில்லை. இன்னொன்று, 'சி.எஃப்.' என்பதைப் 'பார்க்க' என்ற பொருளில் போட்டிருக்கிறாய். அது லத்தீனில் 'ஒப்பிட்டுப் பார்' என்பதன் சுருக்கம்.

சரி, இதெல்லாம் என்னைப் போன்ற ஒரு எடிட்டர் அரை மணி நேரத்தில் திருத்திவிடுவார். திருத்த முடியாதது ஒன்று இருக்கிறது.

'ஃபிகர் 3.4 ஷோஸ் தி ஃப்ளோரைடு கான்சென்ட்ரேஷன்' என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் வேறு கதைக்குப் போய்விடுகிறாய். படத்தின் கீழே இருக்கும் தலைப்பும் அதையேதான் சொல்கிறது. பன்னிரண்டு கிணறு, நான்கு பருவம், கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக்கிடக்கின்றன. நான் எதைப் பார்க்கவேண்டும்? கால் மணி நேரம் உற்றுப் பார்த்த பிறகுதான், கோடையில் ஏறி மழைக்குப் பிறகு இறங்குகிறது என்பதும், ஏழாம் எண் கிணறு மட்டும் அப்படிச் செய்யவில்லை என்பதும் தெரிந்தது. அந்த ஏழாம் கிணறுதானே உன் விஷயம்! அதை வாக்கியமாகச் சொல், 'ஃபிகர் 3.4' என்பதை அடைப்புக்குறிக்குள் கடைசியில் வை. அட்டவணையும் அப்படியே. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் அளவை எந்தெந்த வரிசை தாண்டுகிறது என்று நீதான் சொல்லவேண்டும், நான் விரல் வைத்துத் தேடக்கூடாது.

டிஎன்ஏ பற்றி வாட்சனும் கிரிக்கும் 1953 ஏப்ரல் 25 நேச்சர் இதழில் எழுதியதை எடுத்துப் பார். ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் மேல், உள்ளே ஒரே ஒரு படம், கிரிக்கின் மனைவி ஓடீல் வரைந்தது. ஒரே அச்சைச் சுற்றிச் சுருண்ட இரண்டு சங்கிலிகள் என்று சொல்லிவிட்டு, அடைப்புக்குறிக்குள் 'சீ டயக்ரம்' என்று இரண்டே சொல். படத்தின் கீழே, இது வெறும் விளக்கப்படம்தான் என்று நேர்மையாகச் சொல்லி, நாடா எதைக் குறிக்கிறது, குறுக்குக் கம்பி எதைக் குறிக்கிறது, நடுக்கோடு என்ன என்று முடித்துவிடுகிறார்கள். டார்வின் நேர் எதிர். உயிரினங்களின் தோற்றம் பற்றி 1859-ல் வந்த அவ்வளவு பெரிய புத்தகத்தில் இருப்பது ஒரே படம், கிளைவிட்டுப் பிரியும் கோடுகள். குழப்பமான விஷயம், கூட வரும் படம் உதவும் என்று சொல்லிவிட்டு, ஏ முதல் எல் வரை எழுத்து போட்டு, பக்கம் பக்கமாக வாசகனின் கையைப் பிடித்து அந்தக் கோடுகளின் மேல் நடத்திக்கொண்டு போகிறார். ஆய்வேட்டில் உனக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை, சிக்கலான படம் ஒன்றிரண்டுக்காவது டார்வின் மாதிரி செய்.

வினைச்சொல்லிலும் கொஞ்சம் கை அடக்கம் வேண்டும். படம் 'ஷோஸ்', அட்டவணை 'லிஸ்ட்ஸ்', இரண்டுக்கும் அது போதும். 'ப்ரூவ்ஸ்' என்று ஒரு இடத்தில் போட்டிருக்கிறாய், பன்னிரண்டு கிணற்றை வைத்துக்கொண்டு. அங்கே 'சஜஸ்ட்ஸ்' போடு. காலமும் பார்த்துக்கொள்: படம் காட்டுவது நிகழ்காலம், நீ அளந்தது இறந்தகாலம், ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரலாம், தப்பில்லை.

'தி பிலோ ஃபிகர்' என்று எழுதாதே. அது ஆங்கிலமும் இல்லை, உண்மையும் இல்லை. பக்கம் கட்டும்போது படம் உரையோடு சேர்ந்து நிற்காது, பக்கத்தின் தலைக்கோ காலுக்கோ போய்விடும், சிலசமயம் அடுத்த பக்கத்துக்கே. நீ 'கீழே' என்றது மேலே உட்கார்ந்திருக்கும். எண் இருக்கும்போது திசை எதற்கு? 'ஃபிக்.' என்று சுருக்குவதா 'ஃபிகர்' என்று முழுசாக எழுதுவதா என்று கேட்டிருந்தாய். மின்பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ-யின் நடை என்றால் வாக்கியத்தின் தொடக்கத்தில்கூட 'ஃபிக்.'தான், அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ நடை என்றால் முழுச்சொல். உன் பல்கலைக்கழகத்தின் விதி எதுவோ அதைப் பிடித்துக்கொள், இரண்டையும் கலக்காதே.

94-ஆம் பக்கத்தில் 'டேட்டா நாட் ஷோன்' என்று ஒன்று. என்ன ஒளிக்கிறாய்? இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ப்ளாஸ் அறிவியல் ஜர்னல்கள் அந்தச் சொற்றொடரையே ஏற்பதில்லை. காட்டுகிற மாதிரி இருந்தால் பின்னிணைப்பில் போடு, இல்லாவிட்டால் அந்த வாக்கியத்தையே எடுத்துவிடு.

கடைசியாக, படம் 3.7 உரையில் எங்குமே கூப்பிடப்படவில்லை. எங்கள் வேலையில் இதற்குக் கால்-அவுட் என்று பெயர், அது இல்லாத படத்தை நாங்கள் விடமாட்டோம், 'ஏக்யூ' (ஆத்தர் கொயரி) என்று ஓரத்தில் குறித்து ஆசிரியருக்குக் கேள்வி அனுப்புவோம். அந்தப் பழக்கத்தில் இன்னும் ஒன்று கேட்டுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் அறையில் எடுத்த போட்டோ ஒன்று அனுப்பியிருந்தாய், அதைப் பற்றி மெசேஜில் ஒரு வரி இல்லை. பின்னால் மேசைமேல் இருமல் மருந்து மாதிரி ஒரு பாட்டில் இருப்பதை அம்மா பெரிதாக்கிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். என்ன அது? எத்தனை நாளாக?

அப்பா